துப்பாக்கிக்கு எந்தக் காதை அடைப்பது

எங்கள் வீட்டில் காது என்றால் அது என் காதுதான். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மிஷினோடு இருபது வருடத்துக்கும் மேலாகக் குடித்தனம் நடத்துகிறவர். என்னோடு நடத்தியதைவிட அதோடு நடத்தியதுதான் அதிகம். மிஷின் ஓடும்போது முதுகுக்குப் பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்தாலும் அவருக்குத் தெரியாது. ஓடாதபோதும் பாதிதான் தெரியும். போன் வந்தால் நான் எடுக்க வேண்டும், வாசலில் யாராவது கூப்பிட்டால் நான் போக வேண்டும். அவரிடம் நான் பேசுவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஊதி ஊதி என் குரல் பெரிதாகிவிட்டதால் தெருவில் என்னைச் சண்டைக்காரி என்று நினைக்கிறார்கள். நான் சண்டைக்காரிதான், ஆனால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

மல்லாட்டை வாங்குவதும் என் வேலை. மிஷின் பின்பக்கக் கொட்டகையில் ஓடும், வாங்குவது முன்வாசலில். காய்ந்த மல்லாட்டையைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று உருளும். ஈரமாக இருந்தால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு ஊமையாக இருக்கும். ஊமைக் காயை வாங்கி அடுக்கினால் பூசணம் பிடித்துவிடும். மீட்டர் வைத்து ஈரம் பார்க்கும் பெரிய மில்கள் உண்டு. எங்களிடம் வருகிறவர்கள் மீட்டரை நம்பாதவர்கள். காதை நம்புவார்கள், ஏனென்றால் அதே காயை வாங்கி அவர்களும் ஆட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மூட்டைக்குள் என் வலது கை முழங்கை வரை போகும். அடியில் ஈரக்காயை ஒளித்து வைக்கிற புண்ணியவான்கள் இல்லாத ஊர் ஏது? அடியிலிருந்து எடுத்ததை இடது கைக்கு மாற்றி இடது காதில் ஆட்டுவேன், அதற்குள் வலது கை மறுபடி மூட்டைக்குள் போய்விடும். இத்தனை வருடத்தில் அது பழகிப்போன பழக்கம். சோற்றை எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யாராவது யோசிப்பார்களா?

துப்பாக்கி எப்படி இதற்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். தேர், திருவிழா, கட்சிக் கூட்டம் என்றால் போலீசுக்குத் துணையாகக் கயிறு பிடித்து நிற்கும் தொண்டர் வேலை ஒன்று உண்டு, ஊர்க்காவல் படை என்பார்கள். எங்கள் தெரு டெய்லர் பெண் அதில் சேர்ந்தாள். காக்கி உடையில் அவளைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன்னால முடியாது என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குத்தான் அப்போது எல்லாம் கேட்குமே. அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கயிறு பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியும் விட்டேன். அதற்குப் பிறகுதான், பெண்கள் எல்லோரும் ஒரு நாள் துப்பாக்கி சுட்டுப் பழக வேண்டும், விழுப்புரம் தாண்டி ஒரு குன்றின் அடியில் சுடும் இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். பங்குனி மாதம், மல்லாட்டை வரத்து உச்சத்தில் இருக்கிற நேரம். போகாமல் இருந்திருக்கலாம். முடியாது என்று சொன்ன ஒரு மனுஷன் வீட்டில் இருக்கும்போது எப்படிப் போகாமல் இருப்பது?

எங்கள் வாட்ஸப் குழுவில் அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து வை என்றாள் ஒருத்தி. எண்ணெய் வைத்தால் சத்தம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், வெறும் பஞ்சுதான் நல்லது என்றாள் இன்னொருத்தி. ஒருத்தியின் அண்ணன் ராணுவத்தில் இருந்தவராம், அவர்கள் சுட்டு முடித்த காலித் தோட்டாவையே காதில் சொருகிக்கொள்வார்களாம். பாட்டுக் கேட்கிற இயர்போனை மாட்டிக்கொண்டால் போதும் என்று ஒரு வீடியோ வந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் ஒரு காதில் போகிற சத்தம் வாய் வழியாக வெளியே வந்துவிடும் என்று ஒரு குரல் செய்தி. அதைக் கேட்டுவிட்டு நான் கண்ணாடி முன் வாயைத் திறந்துகொண்டு நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்ன பல் வலியா என்று கேட்டார். எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்குத் தெரிந்திருந்ததும் மறந்துபோயிருந்தது.

அங்கே போனால் பயிற்சி கொடுக்கிறவர் எங்கள் யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தயாராகவே வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பொட்டலம், அதற்குள் மஞ்சள் நிறத்தில் இரண்டு இயர் பிளக். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெதுவாக உப்புகிற சாமான். அதை எப்படி வைப்பது என்று செய்து காட்டினார். விரல்களுக்கு நடுவில் வைத்து விளக்குத் திரி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும். அடுத்த கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். அப்போதுதான் காதின் வழி நேராகும். உடனே உள்ளே சொருகி, அது உப்பி அடைக்கிற வரைக்கும் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாங்கள் அத்தனை பேரும் காதைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் தோப்புக்கரணம் போட வந்தவர்கள் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கும் ஒழுங்காக உள்ளே போகவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றதை அவர் ஒவ்வொருத்தியிடமும் வந்து சரிபார்த்தார். காலித் தோட்டாவைப் பொறுக்கிக் காதில் வைத்துப் பார்த்தவளுக்குத் திட்டு விழுந்தது. அது உள்ளே போய் மாட்டிக்கொண்டால் யார் எடுப்பது என்று கேட்டார்.

டெய்லர் பெண்ணுக்கு இயர் பிளக் வலித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதைக் கழற்றிவிட்டுத் தான் கொண்டுவந்திருந்த எண்ணெய்ப் பஞ்சை வைத்துத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு இரண்டும் ஒழுங்காக உள்ளே போயிருந்தது. போனதும் உலகமே தூரமாகப் போய்விட்டது. நான் மூச்சுவிடுவது எனக்கே பெரிதாகக் கேட்டது. பயிற்சியாளர் வாயை அசைக்கிறார், என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. சுடு என்பதும் நிறுத்து என்பதும் சொல்லித்தானே செய்கிறார்கள், எனக்குக் கேட்காமல் நான் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தால்? முன்னால் யாராவது போயிருந்தால்? நிறுத்தும்போது ஒவ்வொருத்தர் தோளையும் தட்டுவேன் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனக்குத் தோளில் நம்பிக்கை இல்லை. என் பிழைப்பே காதில் ஓடுகிற பிழைப்பு.

படுத்துக்கொண்டு சுட வேண்டும். துப்பாக்கிக் கட்டை வலது தோளில், வலது கன்னம் அதன்மேல். நான் கணக்குப் போட்டேன். துப்பாக்கி வலது பக்கம், வெடிப்பதும் வலது காதுக்குப் பக்கத்தில். இடது காது பாவம், சும்மாதானே இருக்கிறது. வலது காதில் இருந்ததை இன்னும் நன்றாக அழுத்திவிட்டு, இடது காதில் இருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. எவ்வளவு புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

முதல் வெடியில் தோளில் இடித்தது தெரிந்தது. எனக்கு இடது பக்கம் படுத்திருந்த டெய்லர் பெண்ணும் அதே நேரம் சுட்டாள். யாரோ உள்ளங்கையை விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்த மாதிரி இருந்தது. ஐந்து குண்டு. எந்தக் குண்டு எங்கே போனது என்று கேட்காதீர்கள், பலகைக்குத்தான் தெரியும். எழுந்து நின்றபோது இடது காதில் கொய்ங் என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். யாருக்காவது காதில் தொந்தரவு இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. ஒரு பிளக்கை ஏன் கழற்றினாய் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

திரும்பி வரும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காற்று முகத்தில் அடிக்கிறது, அடிக்கிற சத்தம் இல்லை. டெய்லர் பெண் வலது பக்கத்திலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லையாம், பஞ்சுதான் பஞ்சு என்றாள். அப்படியானால் பஞ்சு நல்லதா? நல்ல சாமானை வைத்த எனக்கு ஏன் இப்படி? நல்ல சாமானைத்தான் நான் கழற்றிவிட்டேனே. ஆனால் அது துப்பாக்கி இல்லாத பக்கம். துப்பாக்கிக்குப் பக்கத்துக் காது நன்றாக இருக்கிறது, தூரத்துக் காது போய்விட்டது. விக்கிரவாண்டி வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு முனையும் பிடிபடவில்லை.

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றுதான் படுத்தேன். காலையில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. சரி, போகிற பிசாசு மெதுவாகத்தான் போகும் என்று வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். வெயில் ஏறியதும் வல்லம் பக்கத்திலிருந்து குட்டியானை வண்டியில் ஒரு அக்கா மல்லாட்டை கொண்டுவந்து இறக்கினார். வருடா வருடம் எங்களிடமே போடுகிறவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சொந்த நிலம், தானே நின்று காயவைப்பவர். அவருடைய மூட்டையை நான் பேருக்குத்தான் ஆட்டிப் பார்ப்பேன்.

அன்றும் பேருக்குத்தான் ஆட்டினேன். சத்தம் வரவில்லை. வேறு காய் எடுத்தேன், அதுவும் ஊமை. அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை, எல்லாம் ஊமை. எனக்குக் கோபம் வந்தது. பழகினவர்களே ஏமாற்றினால் கோபம் இரண்டு மடங்காகத்தான் வரும்.

"இன்னாக்கா இது, பச்சையா கொண்ணாந்து போட்டுக்கினு?" என்றேன்.

"பச்சையா? களத்துல காய வச்சுக் காய வச்சு என் முதுகே கருகிப் போச்சு. இன்னொரு தபா ஆட்டிப் பாரும்மா."

இன்னொரு தடவை ஆட்டினேன். அவரும் ஒன்றை எடுத்துத் தன் காதில் ஆட்டினார். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், திருடி நான்தான். நான் காயை உடைத்துப் பருப்பை விரலால் தேய்த்தேன். தோல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரப் பருப்பில் தோல் உதிரவே உதிராது. விரல் காய்ந்தது என்கிறது, காது ஈரம் என்கிறது. எதை நம்புவது? பிறகு என்ன தோன்றியதோ, இன்னொரு காயை எடுத்து வலது காதுக்குக் கொண்டுபோனேன். கலகலவென்று கொட்டியது.

இடது காதுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றுமில்லை.

காயைச் சட்டென்று மூட்டைக்குள் போட்டேன். பயம்தான், வேறென்ன. எனக்குக் காது கேட்கவில்லை என்று ஒருத்தருக்குத் தெரிந்தால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு நான் ஈரம் என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? நல்லது என்று சொன்னாலும் அந்த மூட்டையை நானே நம்ப முடியுமா? வீட்டில் ஒருத்தருக்கு ஏற்கெனவே கேட்காது. எனக்கும் கேட்காவிட்டால் அந்த மிஷினைக் கழற்றி எடைக்குப் போட வேண்டியதுதான்.

மேலே இருந்தது கொஞ்சம் ஈரம் போல, அடியில் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"மேல இருக்கறதுதாம்மா வெயிலப் பாக்கும்," என்றார் அந்த அக்கா. அவ்வளவுதான் சொன்னார். எடை போட்டு முடித்ததும் டீ வந்தது. பொருள் போட்டவர்கள் டீ குடித்துவிட்டுப் போவதுதான் எங்கள் வாசல் வழக்கம். அவர் குடிக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் வலது காதுக்கு மாறினேன். சொல்வது சுலபம். வலது காதில் ஆட்ட வலது கை வேண்டும், அப்படியானால் மூட்டைக்குள் இடது கை போக வேண்டும். என் இடது கைக்கு ஈரம் எது, குளிர்ச்சி எது என்று தெரியாது. அதற்குள் இன்னொரு சந்தேகம் வந்தது. வலது காது மட்டும் முழுசாக இருக்கிறதா? கலகல என்று கேட்கிறதே, அது முன்பு கேட்ட அளவா, குறைச்சலா? முன்பு எவ்வளவு கேட்டது என்பதை எங்கே போய்ப் பார்ப்பது? சமையல்கட்டில் ஒரு காதை மூடிக்கொண்டு டம்ளரைத் தட்டுவேன், மாற்றி மூடிக்கொண்டு தட்டுவேன். தாளிக்கும்போது கடுகு வெடிப்பது தெரியாமல் கருகவிட்டேன். இதில் பெரிய வேடிக்கை, என் வீட்டுக்காரர் குழம்பில் கருகல் வாசனை என்று சொன்னபோது, மூக்காவது ஒழுங்காக இருக்கிறதே என்று அவர்மேல் பாய்ந்தேன். மனுஷனுக்கு ஏன் என்றே புரியவில்லை. எனக்கும்தான்.

மிளகாய் வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு விழுப்புரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனேன். சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதுக்கு ஒழுங்காக அமுக்கினேன். இடது காதுக்கு வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. உள்ளே ஏற்கெனவே ஒன்று கொய்ங் என்று பாடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கொடுக்கிற சத்தமும் அந்த ஜாதிதான். எது அவர்களுடையது, எது என்னுடையது? கேட்டபோதும் அமுக்கினேன், கேட்காதபோதும் அமுக்கினேன், பாஸாக வேண்டும் என்ற வெறியில் சும்மாவும் அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து, ஊகித்து அமுக்காதீங்க என்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது, எனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று.

டாக்டர் பொறுமைசாலி. நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு ஒரு பேனாவைத் துப்பாக்கி மாதிரி என் வலது தோளில் வைத்துக் காட்டினார். கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது தலை கொஞ்சம் திரும்பும். வலது காது தலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், இடது காதுதான் துப்பாக்கியின் வாய்க்கு நேராக நிற்கும். சத்தம் புறப்படுவது கட்டையிலிருந்து இல்லை, வாயிலிருந்து. வலது கையால் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் அதிகம் அடிபடும் என்றார். அதிலும் என் இடது பக்கத்தில் இன்னொரு துப்பாக்கி வேறு. இருக்கிற இரண்டு காதில், எதை அடைத்தே தீர வேண்டுமோ அதைத் திறந்து வைத்திருக்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள், நான் காதை விட்டிருக்கிறேன்.

பஞ்சைப் பற்றிக் கேட்டேன். எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் துப்பாக்கிக்குப் பஞ்சு ஒரு தடுப்பே இல்லை என்றார். காலித் தோட்டா அதைவிட மோசம், இயர்போன் பாட்டுக்குத்தான். ஒழுங்காக உருட்டி உள்ளே போன இயர் பிளக் நல்லது, அதற்குமேல் காதை மூடுகிற மஃப்பும் மாட்டினால் இன்னும் நல்லது, இரண்டு காதுக்கும் வேண்டும். அப்படியானால் என் கூட வந்த பெண்ணுக்குப் பஞ்சு வைத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். ஆகவில்லை என்று அவங்களுக்கு எப்படித் தெரியும், சோதனை பண்ணினாங்களா என்று கேட்டார்.

மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் போயிருக்கின்றனவாம். பேச்சு கேட்கும், கதவு கேட்கும், மல்லாட்டை கேட்காது. அவர் மல்லாட்டை என்று சொல்லவில்லை, அது நானாகச் சேர்த்துக்கொண்டது. வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம், உடனே வந்திருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லி மாத்திரை எழுதினார். மிஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள், வீட்டுக்காரரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் அவரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் முதலில் 'உன்னால முடியாதுன்னு அப்பவே சொன்னேன்' என்பார். இரண்டாவது, பயந்துவிடுவார். முதலாவதைத் தாங்கிக்கொள்ளலாம். மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

வருமா வராதா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு நாள் கேட்பது மாதிரி இருக்கும், மறுநாள் இருக்காது. கேட்டதா, கேட்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டதா என்று தெரியாது. மாத்திரையும் தீர்ந்தது. வரத்தும் தீருகிற சமயத்தில் வல்லத்து அக்கா மறுபடியும் வந்தார். அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மிச்சம் இருந்த கொஞ்சம் மூட்டைகளை இறக்கிவிட்டு, நான் கையை விடுவதற்கு முன்னால் என்னைத் தடுத்தார்.

"நீ ஆட்ட வேணாம்மா. நான் ஆட்டறேன், நீ கேளு."

இதென்ன புதுசாக இருக்கிறது என்று பார்த்தேன். அவர் மூட்டைக்குள் கையைவிட்டு எடுத்து முஷ்டியை மூடிக்கொண்டார். இடது உள்ளங்கையால் என் வலது காதை இறுக்கிப் பொத்தினார். காய்த்துப்போன கை, ஒரு பொட்டுச் சத்தம் உள்ளே வராது. மூடிய வலது கையை என் இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆட்டினார். கடைக்கண்ணில் அவர் மணிக்கட்டு அசைவது தெரிந்தது.

கேக்குதா என்று உதட்டை அசைத்தார். எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கலகல என்று கேட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கேக்குதுக்கா, நல்லா காஞ்சிருக்குது என்றேன். இன்னொரு தடவை ஆட்டினார். இப்பவும் கேக்குது என்றேன்.

அவர் கையைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. பொய் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நான் பொய் சொல்லவில்லையே. இல்லாத காய் என் காதில் உருண்டதே.

"அன்னைக்கே தெரியும்மா எனக்கு," என்றார். "அந்தக் காதுலேர்ந்து இந்தக் காதுக்கு மாத்துன பாரு, அப்பவே தெரியும். என் பொருள ஈரம்னு சொன்னியே, அதான் மனசு ஆறல." பிறகு கொட்டகைப் பக்கம் தலையை ஆட்டி, அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மொதல்ல போய்ச் சொல்லு. நான் இங்கதான் குந்திக்கினு இருக்கறேன்."

கொட்டகைக்குப் போனேன். தூசிக்கு நடுவில் அவர் மிஷின் வாயில் காயைத் தள்ளிக்கொண்டிருந்தார். நேராகப் போய் சுவிட்சை அணைத்தேன். மிஷின் முனகி முனகி நின்றது. நின்ற பிறகுதான் என் காதுக்குள் இருந்தது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. கரண்ட் போயிடுச்சா என்று கேட்டுக்கொண்டே அவர் திரும்பினார். நான் முகத்துக்கு நேராக நின்று, வழக்கம்போலக் கத்தாமல் சொன்னேன்.

"எனக்கு இடது காது கேக்கலைங்க. சுடப் போன அன்னிலேர்ந்து. உள்ள ஒரே சத்தமா இருக்குது. மல்லாட்டை ஆட்டினா தெரியல."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பவே சொன்னேன் என்பதற்காக நான் காத்திருந்தேன். அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"கொய்ங்குனு இருக்குதா, உய்யுனு இருக்குதா?"

இத்தனை நாளில் டாக்டர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. கொய்ங்குனு என்றேன்.

"எனக்கு உய்யுனு," என்றார். "கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

அவர் துணியை மிஷின்மேல் மடித்துப் போட்டுவிட்டு, வெளியே யார் வந்திருக்கிறது என்று கேட்டார்.